மனநிறைவின் செலவுக் கணக்கு



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்பது ஒரு வைப்புத்தொகையின் வட்டியில் நடப்பது. யாரோ ஒருவர் எப்போதோ உட்கார்ந்து, 'எனக்கும் என் பிள்ளைகளுக்கும் இவ்வளவு போதும், மிச்சம் ஊருக்கு' என்று கணக்குப் போட்டிருக்கிறார். அதனால்தான் இந்த மேடையும் ஒலிபெருக்கியும், பேச்சு முடிந்ததும் உங்களுக்குக் கிடைக்கப்போகும் காபியும். 'உழைப்பில் பொருள் தேடலும் மனநிறைவும்' என்ற தலைப்பைக் கொடுத்திருக்கிறார்கள். பணத்தை இழிவாகப் பேசுவதற்கு இந்த மேடை ஏற்றதல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நம் மரபும் அப்படிப் பேசச் சொல்லவில்லை. திருக்குறளின் 133 அதிகாரங்களில் 70 பொருட்பாலில் இருக்கின்றன. பணம் சேர்ப்பதைப் பற்றியே 'பொருள்செயல்வகை' என்று ஓர் அதிகாரம் உண்டு. பணத்தை வெறுத்துப் பேசுவது பெரும்பாலும் பணம் இருக்கிறவர்களின் பொழுதுபோக்கு.

மாணவர்களாகிய உங்கள் காதில் இரண்டு வகையான அறிவுரைகள் விழுந்துகொண்டே இருக்கின்றன. பட்டமளிப்பு விழாக்களுக்கு வருகிறவர்கள், 'மனசுக்குப் பிடித்ததைச் செய்யுங்கள், பணம் தானாக வரும்' என்கிறார்கள். வீட்டில் அப்பாவும் சித்தப்பாவும், 'முதலில் ஒரு வேலையில் உட்கார், மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்கிறார்கள். மேடையில் சொல்வது பெரும்பாலும் பலித்தவர்கள் சொல்வது. பலிக்காதவர்களை நாம் மேடைக்குக் கூப்பிடுவதில்லை. வீட்டில் சொல்வது பயத்தில் சொல்வது. அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. எல்லோருக்கும் தெரிந்த ஒரு மனிதரின் வாழ்க்கையை எடுத்துக்கொண்டு, அதன் வரவு செலவை மட்டும் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். கணித மேதை சீனிவாச ராமானுஜனைச் சொல்கிறேன்.

ராமானுஜன் என்றால் நாமக்கல் நாமகிரித் தாயார், கனவில் வந்த சூத்திரங்கள், 1729 என்ற எண் என்று பேச்சு போகும். இன்று ரூபாய்க் கணக்கைப் பேசுவோம்.

கும்பகோணம் சாரங்கபாணி சன்னிதித் தெருவில் குடியிருந்த குடும்பம். தந்தை துணிக்கடையில் குமாஸ்தா. மாதச் சம்பளம் 20 ரூபாய் அளவில்தான். தாய் கோமளத்தம்மாள் கோயில் பஜனையில் பாடிச் சிறிது கொண்டுவருவார். வெளியூர்ப் பிள்ளைகளை வீட்டில் தங்கவைத்துச் சாப்பாடு போட்டதிலும் சிறிது வரும். பையன் கெட்டிக்காரன். 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தான். கணக்கைத் தவிர வேறு எதையும் படிக்காததால் அந்த உதவித்தொகை போயிற்று. 1905இல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடினான். 1906இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரி. எஃப்.ஏ. தேர்வில் இரண்டு முறை தோல்வி. அந்த வீட்டில் 20 ரூபாய்ச் சம்பளத்தில் ஒரு வாலிபன் திண்ணையில் உட்கார்ந்து சிலேட்டில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான் என்பதுதான் அந்த ஆண்டுகளின் குடும்ப நிலவரம்.

அந்தச் சிலேட்டைப் பற்றி ஒரு வார்த்தை. காகிதம் வாங்கிக் கட்டுப்படியாகாது. அதனால் வழியை எல்லாம் சிலேட்டில் போட்டு, விடையை மட்டும் நோட்டில் எழுதிக்கொள்வார். துணி எடுத்துத் துடைக்கக்கூடப் பொறுமை கிடையாது, முழங்கையாலேயே அழிப்பார். முழங்கைத் தோல் தடித்துக் கறுத்துப்போயிருந்ததாக அவரோடு பழகியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அவருடைய நோட்டுப் புத்தகங்களில் நிரூபணம் இல்லாமல் முடிவுகள் மட்டும் இருப்பது ஏன் என்று உலகத்துக் கணித அறிஞர்கள் பல காரணங்கள் சொல்வார்கள். காகித விலையும் அதில் ஒரு காரணம்.

1909 ஜூலையில் திருமணம் செய்துவைத்தார்கள். பெண் ஜானகி, குளித்தலைக்குப் பக்கத்தில் ராஜேந்திரம் கிராமம், பத்து வயது. கல்யாணம் ஆனவன் சம்பாதிக்க வேண்டும் அல்லவா? வேலை தேடித் திருக்கோவிலூருக்குப் போனார். அங்கே டெபுடி கலெக்டராக இருந்தவர் வி.ராமசாமி ஐயர்; இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்தவர். ராமானுஜன் கேட்டது ஒரு சாதாரண குமாஸ்தா வேலை. நோட்டைப் புரட்டிப் பார்த்த ராமசாமி ஐயர், இப்படிப்பட்டவரை வருவாய்த் துறையின் கடைநிலை வேலையில் போட்டு அமுக்கிவிடக் கூடாது என்று நினைத்து, வேலை தராமல் சென்னை நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார்.

இந்த நிகழ்ச்சியைச் சொல்லும்போது எல்லோரும் ராமசாமி ஐயரின் பெருந்தன்மையைப் புகழ்வார்கள். பெருந்தன்மைதான், சந்தேகமில்லை. ஆனால் எதிரே நின்ற ஆளின் நிலையிலிருந்து பாருங்கள். மேதைமையை அமுக்கக் கூடாது என்று முடிவெடுத்தவருக்கு மாதம் பிறந்தால் சம்பளம் வரும். கேட்டு வந்தவர் வெறுங்கையோடு ரயிலேறினார். மனநிறைவு உயர்ந்தது என்று நமக்குச் சொல்கிறவர்கள் நிலையான சம்பளத்தில் இருப்பதை நான் பல இடங்களில் கவனித்திருக்கிறேன். இதைச் சொல்கிற நானும் ஓய்வூதியம் வாங்குகிறவன்தான்.

சென்னை நண்பர்கள் மூலமாக நெல்லூர்க் கலெக்டர் ஆர்.ராமச்சந்திர ராவிடம் போய்ச் சேர்ந்தார். என்ன வேண்டும் என்று அவர் கேட்டபோது, தனக்குப் புகழ் வேண்டாம், ஓய்வு வேண்டும், பாடுபடாமல் எளிய சாப்பாடு கிடைத்தால் கணக்கிலேயே மூழ்கியிருப்பேன் என்ற பொருள்பட ராமானுஜன் சொன்னதாக ராவ் பின்னாளில் எழுதினார். ராவ் மாதம் 25 ரூபாய் அனுப்பத் தொடங்கினார். ஒரு கலைஞனுக்கு, ஆராய்ச்சியாளனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அப்படித்தான் நாம் நினைப்போம். ஆனால் ஓராண்டுக்கு மேல் ராமானுஜனால் அதை வாங்கிக்கொண்டிருக்க முடியவில்லை. பிறர் கையை எதிர்பார்த்து நெடுநாள் இருக்க மனம் ஒப்பவில்லை. அவரே மறுபடி வேலை தேடினார். 1912 மார்ச் 1 அன்று சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் கணக்குப் பிரிவில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். மாதம் 30 ரூபாய்.

என் கருத்தில், அந்த வாழ்க்கையின் மிக முக்கியமான 30 ரூபாய் அதுதான். நம் கதைகளிலும் சினிமாக்களிலும் ஆபீஸ் வேலை என்றாலே கனவுகளுக்குக் கட்டிய சமாதி. ராமானுஜன் விஷயத்தில் நடந்தது தலைகீழ். கல்லூரிகள் இரண்டு முறை வெளியே தள்ளிய ஆளை ஓர் அலுவலகம்தான் உள்ளே வைத்துக் காப்பாற்றியது. தலைமைக் கணக்கர் எஸ்.நாராயண ஐயர் தாமே கணிதக் கழகத்தின் பொருளாளர். இரவில் அவர் வீட்டில் இருவரும் ஆளுக்கொரு சிலேட்டை வைத்துக்கொண்டு கணக்குப் போடுவார்கள். துறைமுகக் கழகத்தின் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். இரும்புப் பாலங்களும் துறைமுகமும் கட்டிய பொறியாளர். அவரையும் நாராயண ஐயர் இந்த விஷயத்தில் இழுத்துவிட்டார். 1913 ஜனவரி 16 தேதியிட்டு ராமானுஜன் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய புகழ்பெற்ற கடிதம், தான் இந்தத் துறைமுக அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் ஆண்டுக்கு 20 பவுண்டு சம்பளத்தில் வேலைபார்க்கும் குமாஸ்தா என்ற அறிமுகத்தோடுதான் தொடங்குகிறது. (பவுண்டுக்கு 15 ரூபாய் என்ற அன்றைய விகிதத்தில் மாதம் 30 ரூபாய்க்கு 24 பவுண்டு வர வேண்டும். ஏன் 20 என்று போட்டாரோ!)

வேலை எது என்பதைவிட, மேலே உட்கார்ந்திருப்பவர் யார் என்பதுதான் ஒருவரின் நிறைவைப் பல நேரங்களில் முடிவு செய்கிறது. நாராயண ஐயர் இடத்தில், 'வேலை நேரத்தில் என்ன சொந்த எழுத்து?' என்று மெமோ கொடுக்கும் ஒருவர் இருந்திருந்தால் கதை துறைமுகத்திலேயே முடிந்திருக்கும்.

ராமானுஜன் தோற்றுப்போன அதே கும்பகோணம் கல்லூரியில், அவர் சேர்வதற்கு முந்தைய ஆண்டு வரை தமிழாசிரியராக இருந்தவர் உ.வே.சாமிநாதையர். 1880இல் மாதம் 50 ரூபாய்ச் சம்பளத்தில் சேர்ந்தவர். திருவாவடுதுறை மடத்தில் சாப்பாட்டுக்கோ மரியாதைக்கோ குறைவில்லாமல் இருந்தவர், சர்க்கார் உத்தியோகத்துக்கு வந்தார். பகலில் வகுப்பு, மற்ற நேரமெல்லாம் ஏடு. 1887இல் சீவக சிந்தாமணி அச்சில் வந்தது. வேலையை விட்டால்தான் பிடித்ததைச் செய்ய முடியும் என்று நம்புகிறவர்கள், 39 ஆண்டுகள் அரசுக் கல்லூரிகளில் பாடம் நடத்திக்கொண்டே சங்க நூல்களை மீட்ட இந்த மனிதரை மறந்துவிடக் கூடாது.

ராமானுஜனிடம் திரும்ப வருவோம். ஹார்டியின் பதில் வந்த பிறகு காரியங்கள் வேகமெடுத்தன. பட்டம் இல்லாதவருக்கு ஆராய்ச்சி உதவித்தொகை தர விதியில் இடமில்லை. சென்னைப் பல்கலைக்கழகம் விதியைத் தளர்த்தி, 1913 மே முதல் மாதம் 75 ரூபாய் கொடுத்தது. 1914 மார்ச்சில் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். ஆண்டுக்கு 250 பவுண்டு. அதில் மாதம் 60 ரூபாய் கும்பகோணத்துக்கு அனுப்ப ஏற்பாடு. 1918இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினர். அதே ஆண்டு அக்டோபரில் டிரினிடி கல்லூரியின் ஃபெலோ. கல்லூரி ஆண்டுக்கு 250 பவுண்டு கொடுத்தது. சென்னைப் பல்கலைக்கழகமும் தன் பங்குக்கு ஆண்டுக்கு 250 பவுண்டு தருவதாக எழுதியது. இரண்டும் சேர்ந்து 500 பவுண்டு. போருக்கு முந்தைய விகிதத்தில் மாதம் 600 ரூபாய்க்கு மேல். அப்பாவின் துணிக்கடைச் சம்பளத்தைப்போல 30 மடங்கு.

அப்போது அவர் லண்டன் பட்னியில் ஒரு மருத்துவ விடுதியில் படுத்திருக்கிறார். உடம்பு தேறவில்லை. 1919 ஜனவரி 11 அன்று பல்கலைக்கழகப் பதிவாளருக்கு ஒரு கடிதம் எழுதினார். நன்றி சொல்லிவிட்டு, ஊர் திரும்பிய பிறகு தனக்கு வரப்போகும் மொத்தத் தொகை தன் தேவையைவிட மிக அதிகம் என்றார். பெற்றோருக்கு ஆண்டுக்கு 50 பவுண்டு போகட்டும். தன் அவசியச் செலவு போக மிச்சத்தை ஏழைப் பிள்ளைகள், அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்கவும் பள்ளிகளுக்குப் புத்தகம் வாங்கவும் பயன்படுத்துங்கள் என்று கேட்டுக்கொண்டார். உடல்நலமில்லாததால் இரண்டு ஆண்டுகளாக முன்போல் கணிதம் செய்ய முடியவில்லையே என்று வருத்தமும் தெரிவித்தார்.

முப்பத்தொரு வயது. வாழ்நாளில் முதல் முறையாகக் கையில் இவ்வளவு பணம் வரப்போகிறது. வருவதற்கு முன்பே 'இது அதிகம்' என்று சொல்லத் தெரிந்தவர். இந்தக் கடிதத்தை நம் மேலாண்மைக் கல்லூரிகளில் பாடமாக வைக்கலாம்.

பாடமாக வைத்தால், அதில் இல்லாததையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பெற்றோருக்கு 50 பவுண்டு, ஏழை மாணவர்களுக்கு மிச்சம், ஜானகிக்கு? அந்தக் கடிதத்தில் மனைவி என்று ஒரு வரி கிடையாது. ஊர் திரும்பிய பிறகு ஏற்பாடு செய்துகொள்ளலாம் என்று நினைத்திருக்கலாம். கணவன் இருக்கும்போது மனைவிக்கெனத் தனித் தொகை எதற்கு என்று அந்தக் காலத்து வழக்கப்படி நினைத்திருக்கலாம். குற்றம் சாட்ட நான் இதைச் சொல்லவில்லை. 1919 ஏப்ரலில் சென்னை வந்து சேர்ந்தார்; 1920 ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் இறந்தார். ஏற்பாடு செய்ய நேரம் இல்லை.

ஜானகி அம்மாளுக்கு அப்போது வயது 21. கணவர் இங்கிலாந்தில் இருந்த ஐந்து ஆண்டுகள் மாமியாரோடு ஒத்துப்போகாமல் கழிந்தவை. எழுதிய கடிதங்கள்கூட ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் சரிவரப் போய்ச்சேரவில்லை. திரும்பி வந்தபின் நோயாளிக்குப் பணிவிடை. அந்தக் கடைசி ஓராண்டில் படுக்கையில் இருந்தபடியே ராமானுஜன் எழுதிய தாள்கள்தான் பின்னாளில், 1976இல், டிரினிடி நூலகத்தில் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்டெடுத்த 'தொலைந்த நோட்டுப் புத்தகம்'. இன்றைக்கும் அதை வைத்துக்கொண்டு ஆராய்ச்சிக் கட்டுரைகள் வருகின்றன. அந்தத் தாள்களை எழுதியவருக்கு வேளாவேளைக்குக் கஞ்சியும் ஒத்தடமும் கொடுத்தவர் இந்தப் பெண்.

பிறகு? பல்கலைக்கழகம் மாதம் 20 ரூபாய் ஓய்வூதியம் கொடுத்தது. பம்பாயில் சகோதரர் வீட்டில் சில ஆண்டுகள் இருந்து தையல் கற்றுக்கொண்டார். சென்னைக்குத் திரும்பித் திருவல்லிக்கேணியில் தனியாகக் குடியிருந்து, துணி தைத்துக் கொடுத்தும் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுத்தும் பிழைத்தார். தாய் தந்தையை இழந்த ஒரு சிறுவனை எடுத்து வளர்த்துப் படிக்கவைத்தார். உலகப் பல்கலைக்கழகங்களில் கணவர் பெயரால் கருத்தரங்குகள் நடந்துகொண்டிருந்த காலத்தில் அந்த அம்மாள் தையல் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தார். கணவருக்குச் சிலை வைப்பதாகச் சொன்னார்களே, எங்கே சிலை என்று வயதான காலத்தில் ஒரு பேட்டியில் கேட்டார். அதைப் படித்த அமெரிக்கக் கணித அறிஞர் ரிச்சர்ட் ஆஸ்கி முன்கை எடுக்க, பல நாட்டுக் கணிதக்காரர்கள் பணம் போட்டு, சிற்பி பால் கிரான்லண்டைக் கொண்டு மார்பளவுச் சிலை செய்வித்து அனுப்பினார்கள். ஓய்வூதியமும் பின்னாளில் கூடியது. 1994இல் மறைந்தார்.

ராமானுஜன் பிடித்ததைச் செய்தார், குறைந்த பணத்தில் நிறைவாக வாழ்ந்தார் என்று சொல்கிறோம். உண்மை. ஆனால் அந்த நிறைவுக்குச் செலவே இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம், அங்கேதான் கணக்கு உதைக்கிறது. 1909 வரை அந்தச் செலவைக் கும்பகோணத்துக் குமாஸ்தா கொடுத்தார். 1911இல் கலெக்டர் கொடுத்தார். 1912இல் துறைமுகம், 1913இல் பல்கலைக்கழகம். 1920க்குப் பிறகு எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஜானகி கொடுத்தார். ஒருவர் பணத்தைத் தேடாமல் நிறைவைத் தேடும்போது அவருடைய அரிசி, வாடகை, மருந்துச் செலவு எங்கும் போய்விடுவதில்லை. இன்னொருவர் தோளுக்கு மாறுகிறது. ஆகவே 'பணமா நிறைவா' என்று உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளும்போது, 'யார் செலவில்' என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். கேட்டால் பிடித்ததைச் செய்யக் கூடாது என்று ஆகிவிடாது. அந்த இன்னொருவரை உட்காரவைத்து, முன்கூட்டியே, சம்மதம் கேட்க வேண்டும் என்றுதான் ஆகும்.

அப்படிக் கேட்டு நடந்த கதை ஒன்று நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைத் தலைவராக இருந்து 1976இல், 58 வயதில், ஓய்வுபெற்றவர் டாக்டர் கோ.வெங்கடசாமி. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன கை. அந்தக் கையாலேயே அறுவைச் சிகிச்சை செய்யப் பழகியவர். ஓய்வுக்குப் பிறகு 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். வீட்டை அடகு வைத்தார். குடும்பத்துப் பெண்களின் நகைகளும் அடகுக்குப் போயின. தங்கை டாக்டர் நாச்சியாரும் அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமியும் கூடவே வந்தார்கள். நகையைக் கழற்றியவர்கள் எதற்காகக் கழற்றுகிறோம் என்று தெரிந்து கழற்றினார்கள் என்பது முக்கியம். அதைவிட முக்கியம், அங்கே பணத்தைப் பற்றிக் கூச்சம் இல்லை. கட்ட முடிந்தவரிடம் கட்டணம் வாங்கு, முடியாதவருக்கு இலவசமாகச் செய் என்பது முதலிலிருந்தே திட்டம். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை வெளிநாட்டிலிருந்து வாங்கிக் கட்டுப்படியாகவில்லை என்றதும் 1992இல் ஆரோலாப் என்று சொந்தத் தொழிற்சாலையே தொடங்கி, விலையை ஒரு சிறு பகுதியாகக் குறைத்தார்கள். தொண்டு என்று ஆரம்பித்து இரண்டே ஆண்டில் நன்கொடைக்குக் கையேந்தி நிற்கும் நிறுவனங்கள் ஏராளம். இது நின்றதற்குக் காரணம் கணக்கு.

இனி உங்கள் காலத்துக்கு வருகிறேன். 2023இல் ஒரு பெரிய மென்பொருள் நிறுவனத்தை நிறுவியவர், இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 தொடக்கத்தில் ஒரு பெரிய கட்டுமான நிறுவனத்தின் தலைவர் 90 மணி நேரம் என்று ஏலத்தை உயர்த்தினார். வீட்டில் உட்கார்ந்து மனைவி முகத்தை எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்றும் கேட்டார். சமூக ஊடகங்களில் நிறைய கேலி நடந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. 90 மணி நேரம் அலுவலகத்தில் இருக்கும் ஆணின் துணியைத் துவைத்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, மாமனாரை மருத்துவமனைக்கு அழைத்துப்போகிறவர் அந்த மனைவி. பணம் தேடுவதற்கும் செலவு இருக்கிறது. அதையும் வீட்டில் இருப்பவர்தான் கட்டுகிறார். இந்த விஷயத்தில் மேதைக்கும் மேலாளருக்கும் பெரிய வேற்றுமை இல்லை.

பணம் மகிழ்ச்சி தருமா என்று அமெரிக்காவில் ஒரு நீண்ட சர்ச்சை உண்டு. 2010இல் ஆய்வாளர்கள் டேனியல் கானமனும் ஆங்கஸ் டீட்டனும், ஆண்டு வருமானம் சுமார் 75,000 டாலரைத் தாண்டினால் அன்றாட மகிழ்ச்சி கூடுவதில்லை என்றார்கள். 2021இல் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த், இல்லை, கூடிக்கொண்டேதான் போகிறது என்றார். 2023இல் கானமனும் கில்லிங்ஸ்வொர்த்தும் சேர்ந்து உட்கார்ந்து தரவுகளை மறுபடி அலசினார்கள். பெரும்பாலோருக்கு வருமானத்தோடு மகிழ்ச்சியும் கூடுகிறது. ஏற்கெனவே துயரத்தில் இருக்கும் சிறுபான்மையினருக்கு மட்டும் ஓர் அளவுக்கு மேல் பணம் உதவுவதில்லை என்று முடிவு வந்தது. எதிரெதிரே நின்ற இருவர் சேர்ந்து எழுதிய கட்டுரை என்பதற்காகவே எனக்குப் பிடித்தது. 'பணத்தால் மகிழ்ச்சி வராது' என்று எளிதாகச் சொல்லிவிட்டுப் போக அது நம்மை விடவில்லை. ஆனால் அவர்கள் அளந்ததெல்லாம் அமெரிக்கர்களின் வருமானங்கள். நம் தி.நகரில் ஒரு துணிக்கடையில் காலை ஒன்பதரைக்கு நின்றால் இரவு ஒன்பதரை வரை நிற்கும் பெண்ணிடம் போய் அந்த வரைபடத்தைக் காட்ட முடியாது.

அந்தப் பெண்கள் வேலை நேரத்தில் உட்காருவதற்கு நாற்காலி தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத்திருத்தம் வந்தது 2021இல்தான். கேரளம் மூன்று ஆண்டுகள் முந்திக்கொண்டது. வேலையில் நிறைவு என்ற பேச்சு அவர்களுக்கு ஒரு ஸ்டூலிலிருந்துதான் தொடங்குகிறது. 2023 ஏப்ரலில் தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதா நம் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பியதும், அந்த ஆண்டு மே நாளில் திரும்பப் பெறப்பட்டது. இந்த விஷயங்களைப் பேசாமல் 'வாழ்க்கை வேலைச் சமநிலை' என்று பயிலரங்கு நடத்துவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

கடைசியாக ஒன்று. கொஞ்சம் கசப்பாக இருக்கும். ஆனால் ஒரு கல்லூரியில் நின்றுகொண்டு சொல்லாமல் போகக் கூடாது.

சில வேலைகளை நாம் புனிதமானவை என்று ஒதுக்கிவைத்திருக்கிறோம். கற்பித்தல், செவிலியப் பணி, குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது, ஆராய்ச்சி. இந்த வேலைகளில் மனநிறைவு கிடைக்கிறது என்பது உண்மை. அந்த உண்மையையே சாக்காக வைத்துச் சம்பளத்தைக் குறைக்கிறோம். தனியார் பள்ளியில் பட்டம் பெற்ற ஆசிரியை வாங்கும் சம்பளத்தைப் பலர் வெளியில் சொல்லக் கூச்சப்படுகிறார்கள். கேட்டால், 'ஆசிரியப் பணி அறப்பணி' என்று ஆசிரியர் தின மேடையில் சால்வை போடுகிறோம். சால்வையை மளிகைக் கடையில் வாங்கிக்கொள்ள மாட்டார்கள்.

அரசுக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர்கள் இருக்கிறார்கள். முனைவர் பட்டம் பெற்றவர்கள், தேசியத் தகுதித் தேர்வில் தேறியவர்கள், பத்துப் பதினைந்து ஆண்டுகளாக அதே வகுப்பறையில் பாடம் நடத்துகிறவர்கள். இத்தகைய விரிவுரையாளருக்கு மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019இலேயே நெறிமுறை வகுத்தது. நம் மாநிலத்தில் அதில் பாதி அளவுக்கு வந்து சேரவே பல ஆண்டுப் போராட்டம் வேண்டியிருந்தது. அதுவும் ஆண்டுக்கு 11 மாதங்களுக்கு. கோடை விடுமுறை என்பதால் மே மாதம் சம்பளம் கிடையாது. மே மாதத்தில் அவர்கள் வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் விடுமுறை எடுத்துக்கொள்வதில்லை. ராமானுஜனுக்காக 1913இல் விதியைத் தளர்த்திய ஊர் இது. ஒரே ஆளுக்காக அன்று அவ்வளவு செய்ய முடிந்தது.

மாணவர்களே, பிடித்த வேலையைத் தேடிப் போகும்போது வீட்டுச் செலவை யார் பார்த்துக்கொள்ளப்போகிறார்கள் என்று அவரிடமே கேட்டுவிட்டுப் போங்கள். அவர் பெயரில் மாதாமாதம் ஒரு தொகை போட்டுவையுங்கள். ஊர் திரும்பிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். இந்த அவையில் உயர்கல்வித் துறையைச் சேர்ந்தவர்களும் இருக்கிறீர்கள். உங்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான்: கௌரவ விரிவுரையாளர்களுக்கு மே மாதச் சம்பளத்தைக் கொடுங்கள்.